அந்தக் காட்சி வேண்டாம்

ஜூன் 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று முழிக்காதே. என் ஃபோன் பழுதாகிக் கிடக்கிறது, ரிப்பேருக்குக் கொடுக்க இன்னும் கை வரவில்லை. யாராவது சொல்லி நீ கேள்விப்படுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

மே இருபத்தெட்டாம் தேதி காலையில் மாமா ஓட்டிய பஸ் ஒரு சைக்கிள் மேல் மோதிவிட்டது. சைக்கிளில் வந்தவர் அங்கேயே போய்விட்டார். மாமாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று பணிமனையில் சொல்லியிருக்கிறார்கள்.

நீ அடித்துப் பிடித்துக்கொண்டு கிளம்பி வராதே. வந்தாலும் செய்ய ஒன்றும் இல்லை. ஏழு வருஷம் அலைந்து இப்போதுதான் ஒரு டைரக்டரிடம் கதை பேச உட்கார்ந்திருக்கிறாய். அதைப் பார்.

“அப்பாவுக்கு லீவா?” என்று வாண்டு கேட்டாள். ஆமாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. இங்கே நாங்களும் சாப்பிடுகிறோம்.

அக்கா


ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மாடிப்படியில் நின்றபடியே படித்தேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். குறுக்கே நாய் படுத்திருந்தால்கூட ஹாரன் அடிக்காமல் அது எழுந்திருக்கிறவரை காத்திருக்கிற மனுஷனுக்கா இப்படி நடந்தது?

மாமாவுக்குக் கூப்பிட்டேன். அவர் ஃபோனும் அணைந்திருக்கிறது. உங்கள் வீட்டு ஃபோன்களுக்கெல்லாம் சேர்ந்தாற்போல் என்ன நோய் வந்தது? எப்படி நடந்தது என்று விவரமாக எழுது. மாமா தூங்குகிறாரா? நீ எப்படி இருக்கிறாய்?

டயர் கடைக்கு மேலே ஓர் அறை, ஐந்து பேர், ஒரு மின்விசிறி, ஒரு வெள்ளைப் பலகை. இதுதான் என் வேலையிடம். டைரக்டர் முதல் நாளே பலகையில் ஐந்து சொற்கள் எழுதிவிட்டார்: ஆசை, தடை, காரணம், திருப்பம், முடிவு. “இந்த அஞ்சும் இல்லாம சினிமாவும் இல்ல, எவன் வாழ்க்கையும் இல்ல” என்று தினமும் ஒரு தடவை சொல்லாவிட்டால் அவருக்குப் பொழுது போகாது. பலகையில் அந்த ஐந்தைத் தவிர இன்னும் ஒன்றும் ஏறவில்லை.

வாண்டுக்கு என் முத்தம். உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஜூலை 2

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் வந்தது. வாண்டுக்குப் பல் விழுந்திருக்கிறது. அதைத் தவிர இங்கே எல்லோரும் முழுசாக இருக்கிறோம்.

எப்படி நடந்தது என்று கேட்டாய். இறந்தவரை உனக்குத் தெரியும். தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதிக்கொண்டு போவாரே, கண்ணாடி போட்டவர், போன தடவை நீ வந்திருந்தபோதுகூட உன்னிடம் பேனா வாங்கி எழுதினாரே, அவர்தான். பெரிய தொட்டி பக்கம் ஒரு வளைவு இருக்கிறதல்லவா, அங்கே சந்திலிருந்து வெளியே வந்திருக்கிறார். தூறல் வேறு. மாமா பிரேக் பிடித்தும் வண்டி வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. பணிமனைக்குத் திரும்புகிற வண்டி, உள்ளே இரண்டே பயணிகள், இருவரும் தூக்கம்; கண்டக்டர் பின்சீட்டில் குனிந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்தாராம். சந்திலிருந்து வந்தவர் பார்க்காமல் வந்துவிட்டார் என்று விசாரணையில் எழுதிக்கொண்டார்கள். அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

மாமா பேசுவதில்லை. பின்கதவின் பழைய பெயிண்டை பிளேடால் சுரண்டிக்கொண்டே இருக்கிறார். “என்ன கலர் அடிக்கப் போறீங்க?” என்று கேட்டேன். “பாக்கலாம்” என்றார். அன்றைக்கு முழுக்க அவர் பேசியது அந்த ஒரு சொல்தான்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டதால் கண்ணாடிக் கடையில் தலைக்கு மேல் வேலை. கரும்பலகை தெரியவில்லை என்று வருகிற பிள்ளைகளுக்கு லென்ஸ் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி மரத்துப்போகிறது. அதுவும் நல்லதுதான்.

உன் பலகையில் ஏதாவது ஏறியதா?

அக்கா


ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் மூவரின் நலத்தையும் நினைத்துக்கொண்டேதான் தொடங்குகிறேன், ஆனால் இந்தக் கடிதம் என் காரியமாகத்தான். திட்டுவதானால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

போன திங்கட்கிழமை அறையில் யாருக்கும் ஒரு யோசனையும் ஓடவில்லை. “ஏன்டா மூஞ்சி இப்படி இருக்கு?” என்று டைரக்டர் கேட்டார். வாய் தவறி மாமா விஷயத்தைச் சொல்லிவிட்டேன். பெயர், ஊர் எதுவும் சொல்லவில்லை. சொல்லி முடித்ததும் டைரக்டர் எழுந்து போய்ப் பலகையை முழுக்கத் துடைத்தார். “இதுதான்டா படம்” என்றார்.

அக்கா, இது என் முதல் கதையாக வரப்போகிறது. எழுதுபவன் என்று திரையில் என் பெயர் வரும். அதனால் கேட்கிறேன். அன்று காலை மாமாவுக்கு என்ன ஆசை இருந்தது? மீட்டர்காரர் எங்கே போய்க்கொண்டிருந்தார்? ஆசை தெரிந்தால்தான் ஆள் உயிரோடு நிற்பான். காரணம் என்ன என்பதிலும் டைரக்டர் ஒரே பிடியாக நிற்கிறார். “தூறல், வழுக்கல்னு சொன்னா ஜனங்க ஒத்துக்க மாட்டாங்க. ஒரு மனுஷன் சாகறதுக்கு ஒரு காரணம் வேணும்” என்கிறார். உனக்குத் தெரிந்ததை எழுது.

மாமாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.

தம்பி


ஆகஸ்ட் 3

அன்புள்ள தம்பிக்கு,

முழுக்கப் படித்துவிட்டேன். இப்போது திட்டலாமா?

அன்று காலை உன் மாமாவுக்கு என்ன ஆசை என்று கேட்டாயே, சொல்கிறேன், குறித்துக்கொள். எழுந்ததும் இன்னும் ஐந்து நிமிடம் தூங்க ஆசை. பிறகு சூடாக ஒரு டீக்கு ஆசை. கோடை வகுப்புக்கு ஷூ போட மாட்டேன் என்று வாண்டு அடம்பிடித்தபோது, அதைப் போட்டுவிட்டு அவளைச் சிரிக்க வைக்க ஆசை. பணிமனைக்குப் பத்து நிமிடம் முன்னால் போய் வலி இல்லாத சீட் உள்ள வண்டியைப் பிடிக்க ஆசை. எட்டு மணிக்குள்ளேயே நான்கு ஆசை ஆகிவிட்டது. உன் நாயகனுக்கு இரண்டரை மணி நேரத்துக்கும் ஒன்றே ஒன்றுதான் என்கிறாய். கொடுத்து வைத்தவன்.

தடை என்று ஒன்று எழுதியிருக்கிறீர்களே, இங்கே அதுவும் எதிரே வந்து மீசையை முறுக்கிக்கொண்டு நிற்பதில்லை. பால் திரிந்துபோகிறது. பொத்தான் அறுகிறது. எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைப்பதில்லை. இதிலேயே ஒரு நாள் ஓடிவிடுகிறது. இதையெல்லாம் படம் எடுத்தால் யார் பார்ப்பார்கள்?

காரணம் கேட்டாய். காரணம் ஒன்றும் இல்லை. விசாரணையில் எழுதிக்கொண்டது எழுதிக்கொண்டதுதான்.

இந்தக் கதையை விட்டுவிடு. வேறு நல்லதாக ஒன்று உனக்குக் கிடைக்கும்.

மாமா பின்கதவை முடித்துவிட்டு ஜன்னலுக்குப் போய்விட்டார். வாண்டு நலம்.

அக்கா


ஆகஸ்ட் 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மாமா ஷூ போட்டுவிடுகிற இடத்தை அப்படியே எழுதிவிட்டேன். டைரக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. திட்டினாலும் உனக்குக் கதை சொல்லத் தெரிகிறது.

விட்டுவிடச் சொன்னாய். இனிமேல் முடியாது அக்கா, தயாரிப்பாளர் வரைக்கும் போய்விட்டது. ஆனால் காரணத்தை நான் கண்டுபிடித்துவிட்டேன். குளித்துக்கொண்டிருந்தபோது பளிச்சென்று வந்தது.

டிரைவர் வளைவில் வருகிறான். ஃபோன் அடிக்கிறது. மனைவி. எடுக்கக் கூடாது என்று அவனுக்குத் தெரியும், இருந்தும் எடுக்கிறான். “நான் வீட்ட விட்டுப் போறேன். இனிமே என்னைத் தேடாதீங்க” என்கிறாள். அவன் கண் ஒரு நொடி மங்குகிறது. சைக்கிள். இடைவேளை.

அறையில் எல்லோரும் கை தட்டினார்கள். டைரக்டர் எழுந்து வந்து என் தோளில் தட்டினார். இதுவரை யாரையும் அவர் தொட்டுப் பாராட்டியதில்லை. பிறகு டிரைவர் ஃபோன் வரவில்லை என்று பொய் சொல்கிறான், பழி செத்தவன் மேல் விழுகிறது, இரண்டாம் பாதி முழுக்க அந்தப் பொய்யை அவன் சுமந்துகொண்டு திரிகிறான். நிஜமாக நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லாததால் மாமாவுக்கும் சங்கடம் இராது.

எப்படி இருக்கிறது என்று உடனே எழுது. உன் வாயால் கேட்டால்தான் எனக்குத் திருப்தி.

எல்லோரும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையோடு,

தம்பி


அக்டோபர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறு வாரம் ஆகிவிட்டது. நடுவில் இரண்டு கார்டு போட்டேன். கடைக்குக் கூப்பிட்டால் உன் முதலாளி எடுத்து, “இருக்காங்க, வேலையா இருக்காங்க” என்று வைத்துவிடுகிறார். இருக்கிறாய் என்பது வரையாவது தெரிந்ததே என்று சும்மா இருந்தேன்.

யாருக்காவது உடம்பு சரியில்லையா? என் மேல் கோபமா? கோபம் என்றால் அதையாவது எழுது.

தம்பி


அக்டோபர் 9

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை.

ஃபோன் வருகிற அந்தக் காட்சி வேண்டாம். எடுத்துவிடு. படத்தில் மற்றது எது வேண்டுமானாலும் இருக்கட்டும், அது மட்டும் வேண்டாம். ஏன் என்று கேட்காதே.

அக்கா


அக்டோபர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் வந்த நிம்மதி, படித்ததும் போய்விட்டது.

எதைக் கேட்கிறாய் என்று உனக்குத் தெரிகிறதா? அந்தக் காட்சியை உருவினால் மிச்சம் எல்லாம் சரிந்துவிடும். அவன் குற்றவுணர்ச்சி, பொய், மனைவியின் அழுகை எல்லாம் அந்த ஒரு ஃபோனில்தான் தொங்குகிறது. உங்களை யாரும் அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயமா? டிரைவருக்குத் தாடி வைத்துவிட்டேன், குழந்தையை ஆண் குழந்தையாக்கிவிட்டேன். உங்கள் வீட்டில் அப்படி ஒரு ஃபோனே வரவில்லை, பிறகு எதற்கு உனக்கு உறுத்துகிறது?

ஏன் என்று கேட்காதே என்றால் எப்படி? என் தொழிலே அந்த ஒரு கேள்விதான்.

பதில் போடு அக்கா. எனக்கு என்னவோ போல் இருக்கிறது.

தம்பி


நவம்பர் 5

அன்புள்ள தம்பிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். அதை முதலில் எழுதிவிடுகிறேன், பின்னால் மறந்துவிடுவேன்.

என் ஃபோன் பழுதில்லை. அலமாரியில் துணிகளுக்கு அடியில் அணைத்து வைத்திருக்கிறேன். அதைக் காதில் வைக்க என்னால் முடியவில்லை.

அன்று காலை ஒன்பதேகால். கடைக்குக் கிளம்பி வாசலில் நிற்கிறேன், தூறுகிறது, குடையைக் காணோம். மாமாவைக் கூப்பிட்டேன். வண்டி ஓட்டும்போது அவர் எடுக்க மாட்டார். அன்றைக்கு எடுத்தார்.

“குடைய எடுத்துட்டுப் போயிட்டீங்களா?”

“ஆமா, சீட்டுக்குப் பின்னால கிடக்கு.”

“ஒரு வார்த்தை சொல்லிட்டு எடுக்கக் கூடாதா? நான் நனைஞ்சுகிட்டே போகணுமா?”

“இரு, பக்கத்து வீட்ல கேட்டு…”

அவ்வளவுதான். பிறகு ஒரு சத்தம். அவர் ஃபோன் எங்கேயோ விழுந்திருக்கிறது, ஆனால் அணையவில்லை. வைப்பர் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. “கேக்குதா, கேக்குதா” என்று நான் வாசலில் நின்று கத்திக்கொண்டே இருந்தேன்.

அன்று சாயங்காலம் போலீஸ் நிலையத்திலிருந்து வந்ததும் சொன்னார்: “நீ கூப்பிடல. நான் எடுக்கல. புரியுதா?” புரிகிறது என்றேன். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. என்னைக் காப்பாற்றச் சொன்னாரா, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னாரா என்று எனக்கு இன்னும் தெரியாது.

உன் கதையில் மனைவி வீட்டை விட்டுப் போகிறேன் என்கிறாள். அவளுக்காவது ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. நான் கேட்டது குடை.

உன் காட்சியைப் படித்த அன்று யாரோ பார்த்துவிட்டு உன்னிடம் சொல்லிவிட்டார்கள் என்றே நினைத்தேன். நீயாகத்தான் எழுதினாய் என்று உறைக்கவே பல நாள் ஆயிற்று. இருந்தும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன். ஆனால் போன வியாழக்கிழமை ஓர் அம்மா கடைக்கு வந்தார். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். ஒரு டப்பாவைத் திறந்து மேசை மேல் வைத்தார். வளைந்துபோன ஃபிரேம், இடது பக்கம் கண்ணாடி இல்லை.

“இதுக்குக் கண்ணாடி போட்டுத் தரணும்மா.”

“யாருக்குங்க? பவர் மாறியிருக்கும். அவரையே ஒரு தடவை கூட்டிட்டு வந்தா நல்லது.”

“அவர் இல்ல. பஸ்ல அடிபட்டுப் போயிட்டார். இப்படி ஓட்டையா வச்சுப் பாக்க முடியல, அதான்.”

டப்பா எங்கள் கடை டப்பா. அதில் ஒட்டியிருந்த நம்பரை வைத்துப் பதிவேட்டில் பார்த்தேன். பார்ப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது, அந்த மீட்டர்காரர்தான்.

“பாக்காம வந்துட்டார்னு எழுதிட்டாங்க” என்றார். “கண்ணாடி போட்டும் கண்ணு தெரியலையான்னு எங்க ஆளுங்களே பேசறாங்க. இவர் கூடத்துலருந்து சமையக்கட்டுக்கு வரதுக்கே ரெண்டு பக்கமும் பாத்துட்டு வர மனுஷன்மா.”

லென்ஸ் தேய்க்க உட்கார்ந்தேன். இரண்டை உடைத்தேன். பதினான்கு வருஷத்தில் ஒரே நாளில் இரண்டு உடைத்தது கிடையாது. மூன்றாவதைப் போட்டுக் கொடுத்தேன். நான் யார் என்று சொல்லவில்லை. அந்த அம்மா நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

இருபதாம் தேதி விசாரணையின் கடைசி நாள். நான் சொல்லப்போகிறேன். மாமாவிடம் இன்னும் பேசவில்லை, இதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து பேசுவேன். முதலில் உனக்கு எழுதுவது கோழைத்தனம்தான். ஆனால் ஒருவரிடம் சொல்லிவிட்டால் பிறகு பின்வாங்க முடியாது பார்.

அக்கா


நவம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஐந்து மாதமாக மாமா என்ன நினைத்தார், மீட்டர்காரர் எங்கே போனார் என்று துருவித் துருவிக் கேட்டேன். அன்று காலை நீ எங்கே இருந்தாய் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நீ பதில் போடாத அந்த ஆறு வாரமும் என் காட்சி நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதுதான் என் கவலை.

நேற்று நடந்ததை உன்னிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. படத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்றுதான் அறைக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் டைரக்டர் ஆரம்பித்துவிட்டார்.

“அந்த ஃபோன் சீன் பொய்யா இருக்குடா. வீட்ட விட்டுப் போறவ ஃபோன் பண்ணிச் சொல்லிட்டா போவா? சின்னதா ஏதாவது வேணும். கேட்டா முதல்ல சிரிப்பு வரணும், அப்புறம் அடி விழணும். யோசி.”

அக்கா, எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. குடை, பக்கத்து வீடு, வைப்பர் சத்தம் எல்லாம் அப்படியே கண்முன் ஓடியது. இதைவிட ஒரு காட்சி யாருக்கும் கிடைக்காது என்று ஒரு நிமிடம், ஒரே நிமிடம், எனக்கு சந்தோஷமாகக்கூட இருந்தது. நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அந்த நிமிடத்துக்காக என்னை மன்னித்துவிடு.

“சார், இந்தக் கதை வேணாம். இது எங்க வீட்டுல நடந்தது” என்றேன்.

“தெரியும்டா. அதனாலதான எடுக்கறோம்.”

“அப்ப நான் இதுல இல்ல சார்.”

“போ. கதை இங்கயேதான் இருக்கும்” என்றார். இறங்கி வந்துவிட்டேன். அவர் இதை எடுத்தாலும் எடுப்பார், என்னால் தடுக்க முடியுமா என்று தெரியவில்லை. ஆனால் குடையை அவருக்குக் கொடுக்கவில்லை.

மாமா என்ன சொன்னார்? நான் கிளம்பி வரட்டுமா?

தம்பி


ஜனவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

உனக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்ததா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இவ்வளவு தாமதமாக எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. ஒவ்வொரு நாளையும் தள்ளுவதே பெரும்பாடாக இருந்தது.

உனக்குக் கடிதம் போட்டுவிட்டு வந்து மாமாவிடம் சொன்னேன். ஜன்னலைச் சுரண்டிக்கொண்டிருந்தவர் பிளேடைக் கீழே வைத்தார்.

“சொன்னா வேலை போயிடும். உள்ள போக வேண்டியிருக்கும். தெரியும்ல?”

“தெரியும்.”

“உன்னையும் கூப்பிட்டுக் கேப்பாங்க.”

“கேக்கட்டும்.”

பிறகு இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. இருபதாம் தேதி காலையில் குளித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு நின்றார். “நீ வராத. எடுத்தது நான். நானே சொல்றேன்” என்றார். கேட்காமல் பின்னாலேயே போனேன். கதவு சாத்தவில்லை, வெளியே பெஞ்சில் எனக்கு எல்லாம் கேட்டது. ஃபோனில் பேசிக்கொண்டிருந்ததைச் சொன்னார். யாரோடு என்று கேட்டார்கள். மனைவியோடு என்றார். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டார்கள். “பயம்” என்றார். அந்த ஒரு சொல்லை எழுதிக்கொள்ள அவர்களுக்கு எவ்வளவு நேரம் பிடித்தது.

வேலை போய்விட்டது. செத்தவர் மேல் தவறில்லை என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். வழக்கு இப்போது நீதிமன்றத்தில் இருக்கிறது; மாமா எதையும் மறுக்காததால் சீக்கிரம் முடிகிறது. என்னையும் சாட்சியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். குடை என்று சொன்னபோது அங்கே ஒருவர் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். உன் டைரக்டர் சொன்னது சரிதான்.

மறுவாரம் இருவருமாக அந்த அம்மா வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்ததும் என்னைக் கண்ணாடிக் கடைப் பெண் என்று மட்டும் நினைத்து உள்ளே வரச் சொன்னார். மாமா வாசலிலேயே நின்று, தான் யார் என்று சொன்னார். அந்த அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்றே ஒன்று கேட்டார்.

“அவர் பாத்துட்டுத்தான் வந்தாரா?”

“பாத்தார்மா. நாந்தான் பாக்கல.”

“சரி. போங்க” என்றார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. மன்னிப்பு என்று ஒன்று கிடைக்கும் என்று எதிர்பார்த்தேனா, தெரியவில்லை. திரும்பி வரும்போது மாமா எனக்கு முன்னால் நடந்தார், நான் பின்னால்.

“எம்மேல கோவமா?” என்று கேட்டேன்.

“இருக்கு” என்றார். கொஞ்ச தூரம் போனபிறகு, “எம்மேலயும் இருக்கு” என்றார். அன்று வீட்டுக்கு வந்து இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம்.

வாண்டுக்கு எல்லாம் சொல்லிவிட்டோம். “அப்பா எத்தனை நாள் இருக்க மாட்டார்?” என்று மட்டும் கேட்டாள். அது யாருக்கும் தெரியாது. இருபத்திரண்டாம் தேதி தீர்ப்பு.

வரட்டுமா என்று கேட்டாய். வா. அன்றைக்கு எனக்குப் பக்கத்தில் யாராவது உட்கார வேண்டும். எழுதுவதற்கு எதையும் எடுத்து வராதே.

உன் வரவை எதிர்பார்க்கும்,

அக்கா